மூன்றாவது தடவை

பக்கக் கண்ணாடியில் டார்லீன் தெரிந்தாள். இரண்டு கைகளையும் மடக்கி மடக்கி, வா வா என்று அழைத்துக்கொண்டிருந்தாள்.

நான் வண்டியைப் பின்னால் விட்டேன்.

பேருந்து நீளம் இருக்கும் இந்த வண்டிதான் பதினோரு வருடமாக எங்கள் வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு இருந்த வீட்டை விற்றுவிட்டு இதில் ஏறினோம். அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு.

எங்கே நிறுத்துவதானாலும் ஓட்டுவது நான், பின்னால் நின்று கை காட்டுவது டார்லீன். கைகளைக் குறுக்கே வைத்தால் நில். கண்ணாடியில் அவள் தெரியாவிட்டாலும் நில். இத்தனை வருடத்தில் ஒரு வேலிக்கம்பத்தைக்கூட இடித்ததில்லை. எங்களுக்குள் முட்டிக்கொண்டது வேறு கதை.

இன்று எங்கள் மகள் ஹைடியின் வீட்டில் நிற்கிறோம். வண்டியைப் பின்பக்கமாகக் கொட்டகையோரப் புல்தரைக்கு விட்டு, அதன் முகம் சாலையைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். நாளைக் காலை அரிசோனாவுக்குக் கிளம்பத் தோதாக இருக்கும். மின்னசோட்டாவில் பனி விழுவதற்குள் தெற்கே ஓடிவிடுவது எங்கள் வழக்கம்.

எனக்குப் போக மனமில்லை.

இந்த முறை ஹைடி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேத்தி வரைகிற குதிரைகளைப் பார்த்துக்கொண்டே கிடக்கலாம் போலிருந்தது. ஆனால் ஊர் சுற்றுவது டார்லீனின் ஆசை. அலுத்துவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அவள் ஒப்புக்கொண்டாலும் இன்னொரு சிக்கல் இருந்தது.

எங்கள் மின்னசோட்டாப் பக்கத்தில், காப்பி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். இரண்டாவது தடவை கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாவது தடவை கேட்டால்தான், சரி, அரைக் கோப்பை கொடுங்கள் என்று வாங்கிக்கொள்வார்கள். முதல் தடவையே கை நீட்டுகிறவனைப் பஞ்சத்தில் அடிபட்டவன் என்று நினைப்பார்கள்.

இங்கேயே இருந்துவிடுங்கள் என்று ஹைடி கோடையில் ஒரு தடவை கேட்டாள். வேண்டாம் என்றோம். செப்டம்பரில் மறுபடி கேட்டாள். உனக்கு எதற்குச் சிரமம் என்றோம்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

பல வருடம் நகரத்தில் இருந்தவள், முறையெல்லாம் மறந்துவிட்டாளோ என்னவோ. இல்லை, அந்த இரண்டு தடவையும் மரியாதைக்குத்தான் கேட்டாளோ. நாமாகப் போய்க் கேட்க முடியுமா? உயிரே போனாலும் முடியாது.

கண்ணாடியில் டார்லீனின் கைகள் இன்னும் அழைத்தன.

அப்போதுதான் அவள் காலைக் கவனித்தேன். கணுக்கால் வரை சேற்றில் புதைந்திருந்தது.

நேற்று மாலை அந்தப் புல்தரையில் நானே நடந்து பார்த்தேன். கல்லாக இருந்தது. இந்த அக்டோபரில் பேருக்குக்கூட ஒரு மழை இல்லை.

டார்லீன் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். கைகளைக் குறுக்கே வைக்கவில்லை. வா வா என்றாள்.

பிரேக்கில் இருந்த காலை எடுத்தேன்.

வண்டியின் பின்பக்கம் மெதுவாக இறங்கியது. பாத்திரங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. பேருக்கு ஒரு தடவை முன்னால் எடுத்துப் பார்த்தேன். சக்கரம் சுற்றி, இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

ஹைடி ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கல் பாவிய பாதையைவிட்டு இறங்காமல், அங்கே நின்றபடியே பார்த்தாள்.

"நல்லா மாட்டிக்கிச்சுப்பா. இது காயறதுக்குள்ள பனி விழுந்து உறைஞ்சிடும். அப்புறம் ஏப்ரல்லதான் எடுக்க முடியும். மாடி ரூம்ல படுக்கை விரிச்சு வெச்சிருக்கேன்."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தேன். டார்லீன் வந்து என் காலை நன்றாக மிதித்தாள். சேறெல்லாம் என் ஷூவில்.

"சூப் ஆறுது, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிவிட்டு ஹைடி திரும்பிப் போனாள். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "ராத்திரி குழாயைத் திறந்துவிட்டது நீதானே? உனக்கும் போக இஷ்டமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நானா?" என்றாள் டார்லீன். "நீ பண்ணின வேலைன்னு நினைச்சுத்தானே, கைவலிக்கக் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போய் நாங்களும் ஷூக்களைக் கழற்றினோம்.

எங்கள் ஷூக்களில் இருந்தது ஈரச் சேறு.

பக்கத்தில் ஹைடியின் பூட்ஸ் இருந்தது. அதில் முழங்கால் வரைக்கும் சேறு. காய்ந்து வெளுத்திருந்தது.