பழைய காப்பி

ஜன்னலுக்கு வெளியே மலை வெயிலில் காய்கிறது. இரண்டு கோர்கள், அதாவது கணக்கிடும் இரண்டு மூளைகள், உள்ள சிப்பை வடிவமைக்கும் ஹைமவதி போனில் கத்துகிறாள். “பெரிய கோர் மதிப்பை மாத்திடுத்து. சின்ன கோர் தன் கேஷ் மெமரில சேமிச்சு வச்சிருக்கற பழைய காப்பியையே படிக்கறது. ‘உன்னோடது இனிமே செல்லாது’ன்னு ஒரு வார்த்தை அனுப்பத் தோணலையா இந்தச் சனியனுக்கு? நாளைக்கு டிசைனை ஒப்படைக்கணும்!” பூஜை செய்யக் கோயிலுக்குப் போன அர்ச்சகர் அப்பா உமாமகேஸ்வரன் அதற்குள் திரும்பி வந்து நிற்கிறார். இடுப்பில் செருகியிருந்த பூஜை முறைச் சீட்டை மேஜைமேல் எறிகிறார். “இன்னிக்கு என் முறை இல்லையாம். எல்லார் எதிர்லயும் அண்ணாமலையார் சந்நிதியிலேர்ந்து திரும்பி வரேன். மாத்தினதை யாருமே சொல்லலை.” ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் இன்னொரு முறைச் சீட்டில், இன்றைய தேதிக்கு எதிரே அவர் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் ‘சித்தப்பா’ என்று ஹைமவதியின் கையெழுத்து.