நட்டமாக எடுத்த வீடியோ

"செல்போனை நட்டமா நிமித்திப் பிடிச்சு எடுத்தது ஒண்ணும் வேணாம். எழுதிக்க!" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

நடிகர் துருவன் ரசிகர் மன்றத்தின் திண்டுக்கல் நகரத் தலைவர் அவர். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்று வைத்திருப்பதால், சினிமாவே தன்னைக் கேட்டுத்தான் நடக்கிறது என்பது போலப் பேசுவார். துருவன் போல ஆடி அனுப்பும் ரசிகர்களுக்கு வீடியோ போட்டி. ஜெயிப்பவர்களுக்குச் சென்னையில் துருவனோடு மதியச் சாப்பாடு. எந்த மாதிரி வீடியோவைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்யத்தான் இந்தக் கூட்டம்.

கூட்டம் என்றால் இரண்டே பேர். இன்னொருத்தி ஏஞ்சலின். வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கிறாள். மன்றத்தின் வாட்ஸ்அப்பைக் கவனித்துக்கொள்வதும் அவள்தான்.

"அண்ணே, எங்க மில் ஹாஸ்டல் பிள்ளைங்க போன்லதான எடுக்க முடியும்? ஷிப்ட் முடிஞ்சு வந்து ஆடிப் பழகுறாளுக. இப்படிச் சொன்னா அழுதுருவாளுக."

"அழட்டும். பெரிய கேமராவுல, குறுக்குவாட்டுல எடுத்து, பென்டிரைவ்ல நேர்ல கொண்டாரணும். கேமரா இல்லாதவுக நம்ம ஸ்டுடியோவுக்கு வரட்டும்."

ரசிகர்கள் மேல் அவருக்கு இருந்த அக்கறை அவ்வளவுதான்.

ஏஞ்சலின் தன் போனை நீட்டினாள். "இதச் செத்தப் பாருங்கண்ணே. காலையில வந்துச்சு. இது..."

"பேசாத. நான் பாக்குறேன்ல?"

லுங்கி கட்டிய ஒருவர், தொப்பியும் மாஸ்க்குமாக ஒரு மொட்டைமாடியில் ஆடிக்கொண்டிருந்தார். நட்டமாக எடுத்த வீடியோ. எடுத்தவருக்குக் கை வேறு நடுங்கியிருந்தது.

"ஏலே, யாருடா நீ?" என்று திரையைக் கேட்டார் ஸ்தனிஸ்லாஸ். "காலு ஒரு பக்கம் போகுது, இடுப்பு ஒரு பக்கம் போகுது. துருவன் சாரு நிழலைப் பாத்தாலே எனக்குத் தெரியும். இவன்கிட்ட அந்தச் சாயல் துளியாச்சும் இருக்கா? மூஞ்சிய மூடிக்கிட்டு ஆடுறான் பாரு, அது ஒண்ணுதான் இவன் செஞ்ச நல்ல காரியம்!"

"அண்ணே, நான் சொல்றத..."

"நீ என்னத்தச் சொல்லுவ? நான் சொன்னாத்தான் இவனுக்கெல்லாம் உறைக்கும்."

போனைப் பிடுங்கினார். வீடியோ வந்த எண்ணுக்கே மைக்கை அழுத்திப் பேசினார். "தம்பி, திண்டுக்கல் ஸ்தனிஸ்லாஸ் பேசுறேன். ஆடத் தெரியலைன்னா பேசாம வீட்டுல கிட. எங்க துருவன் சார் பேரைக் கெடுக்காத!"

அனுப்பியும் விட்டார். மீசையைத் தடவியபடி போனைத் திருப்பிக் கொடுத்தார். "இப்பச் சொல்லு. உங்க மில்லுப் பயதான?"

ஏஞ்சலின் திரையைப் பார்த்தாள். அவர் பேசி அனுப்பியதற்கு நேராக நீல டிக் விழுந்திருந்தது. சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது.

"இல்லண்ணே. 'யாரும் செலவு பண்ண வேணாம், போன்ல நட்டமா இப்படி எடுத்தாலே போதும்'னு, மாதிரிக்குத் துருவன் சாரே ஆடி அனுப்பியிருக்காரு. இப்ப நீங்க பேசுனதையும் கேட்டுட்டாரு."