மான் தொடாத செடி

"இதையும் தின்னுபோட்டுப் போயிருச்சா?"

பல் துலக்கும் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே கத்தினான் பாஸ்கர். நேற்று சாயங்காலம் வரிசையாக நட்ட நான்கு செடிகளில் ஒன்றுகூட இல்லை. நான்கு குழிகள் மட்டும் அவனைப் பார்த்து இளித்தன.

புனேயில் வாகட் பகுதியில் இருந்த ஃபிளாட்டை விற்றுவிட்டு, மலையடியில் ஆசையாசையாக வாங்கிய ரோ ஹவுஸ். பின்சுவருக்கு அந்தப் பக்கம் காடு. சுவர் இடிந்த இடம் வழியாக விடியற்காலையில் வரும் மான்கள், சொந்தக்காரர் வீட்டுப் பந்தி மாதிரி உரிமையோடு சாப்பிட்டுவிட்டுப் போகும்.

முதலில் செம்பருத்தி போனது. பிறகு ரோஜா, முள்ளோடு சேர்த்து. வாசம் அடித்தால் மான் வராது என்று எவனோ யூடியூபில் சொன்னதை நம்பி நொச்சி வைத்தான். அந்த மான்களுக்கு ஜலதோஷமோ என்னவோ, அதையும் மொட்டையடித்துவிட்டன.

கம்பெனி இவனை வீட்டுக்கு அனுப்பி ஏழு மாதம் ஆகிறது. அதில் ஐந்து மாதம் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலிலேயே கிடந்தான். கடைசியில் அவனை எழுப்பித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது மான்தான்.

இப்போது தலைகீழ். ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. கையில் செடிப் பட்டியலோடு வீட்டுக்கும் சுவருக்கும் நூறு நடை. இன்டர்வியூ என்று போன இடத்திலெல்லாம் தோற்றாயிற்று, ஒரு மானிடமாவது ஜெயித்தே தீரவேண்டும் என்று ஒரு வெறி.

நேற்று ஊரின் மறுகோடி, ஹடப்சர் வரைக்கும் போய்விட்டான். அங்கே நர்சரி வைத்திருக்கும் மாடசாமி முப்பது வருஷத்துப் புனேவாசி.

"இதை வைங்க சார். இங்க கன்ஹேர்னு சொல்லுவாங்க, நம்மூரு அரளிதான். ஹைவே நடுவுல பூத்து நிக்குமே! மான் மோந்துகூடப் பாக்காது."

நான்கு செடிகளோடு வந்து இறங்கியவனைப் பார்த்து மனைவி கோதை ஒரு கணம் அசையாமல் நின்றாள். "வேற செடியே கிடைக்கலீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவன் காதில் வாங்கவில்லை. இருட்டுவதற்குள் நட்டுமுடிக்கும் அவசரம் அவனுக்கு.

இப்போது குழிகளைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு குளம்புத் தடம் கிடையாது. மாடியில் ஏறிப் பார்த்தால் மான் போன வழி தெரியும். ஆனால் மொட்டைமாடிச் சாவியைக் கோதை எங்கோ வைத்துத் தொலைத்து ஆறு மாதம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் "தேடறேனுங்க" என்பாள்.

மாடசாமிக்கு போன் போட்டான்.

"உங்க அரளியை மான் தின்னுருச்சு!"

"சான்ஸே இல்ல சார். அது வெசம்னு மானுக்குத் தெரியும். இலையைத் தின்னுருக்கா, தண்டைக் கடிச்சிருக்கா?"

"வேரோட காணோம்."

"அப்ப மான் இல்ல சார். மனுசன்."

பாஸ்கருக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்து வீடா, எதிர் வீடா என்று வாசலுக்கு ஓடினான். குப்பை வண்டியோடு வந்திருந்த வைஷாலி, இவர்கள் வீட்டுப் பச்சை வாளியைக் கையில் வைத்துக்கொண்டு பாதி மராத்தியும் பாதி இந்தியுமாகப் பொரிந்துகொண்டிருந்தாள். ஈரக் குப்பையில் காய்கறித் தோல் மட்டும்தான் போடவேண்டும், செடிகொடியைத் தனியாகக் கட்டித் தரவேண்டும் என்று எத்தனை தரம் சொல்வது?

வாளிக்குள் கையைவிட்டு ஒரு நியூஸ்பேப்பர் பொட்டலத்தை எடுத்து அவன் முன்னால் பிரித்துக் காட்டினாள். வேரில் மண் ஒட்டியபடி நான்கு அரளிச் செடிகள், துண்டு துண்டாக ஒடித்து.

திரும்பினான். கதவோரம் கோதை நின்றாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தாள்.

"நீயா?"

அவள் கைகளை இன்னும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கையைக் காட்டு."

காட்டினாள். கழுவியும் நகக்கண்ணில் செம்மண் போகவில்லை.

"ஏன் கோதை? நான் ஒரு வேலையாச்சும் உருப்படியா முடிச்சிரக் கூடாதா? ஊரு பூரா அலைஞ்சு, மான் திங்காத செடி இது ஒண்ணுதான்னு கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தேன். அது உனக்குப் பொறுக்கலையா?"

அவன் குரல் உடைந்து தெருவுக்கே கேட்டது. வைஷாலி வண்டியைத் தள்ளிக்கொண்டு மெதுவாக நகர்ந்துவிட்டாள். கோதை கிட்டே வந்து, எங்கேயோ ஓடிவிடப் போகிறவனைப் பிடிப்பதுபோல அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மான் திங்காதுங்க... நீங்க தின்னுபோட்டா?"