வெந்நீர் வருமா?

“தம்பி, லைப்ரரி எங்க இருக்கு?”

என் கழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு மாமா கேட்டார். எதிரிலேயே பலகை இருந்தது. கையை நீட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு.

“அப்படியே காலேஜையும் சுத்திக் காட்டுங்க. இவ என் பொண்ணு, இங்க சேரப் போறா.”

மறுக்க வாயெடுப்பதற்குள் பின்னால் இன்னும் நாலு குடும்பம் சேர்ந்துகொண்டது.

“ஹாஸ்டல்ல வெந்நீர் வருமா?”

“வ... வரும்.”

“எப்பவுமா?”

“காலையில மட்டும்.”

அந்தப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“வாத்தியாருங்க எப்படி?”

“தங்கமானவங்க.”

ஒரு மணி நேரம் கழித்துத் தப்பித்து வாசலுக்கு ஓடினேன். அப்பா விண்ணப்பத்தோடு காத்திருந்தார்.

“ஸ்கூல் அட்டையை இன்னும் கழட்டலையாடா? சரி, சேரப் போற காலேஜை நல்லா விசாரிச்சியா? ஹாஸ்டல்ல வெந்நீர் வருமாமா?”

அப்போது அந்த மாமா வெளியே வந்தார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

“சார், இங்க ஹாஸ்டல்ல வெந்நீர் வருமா?” என்று அவரிடமே கேட்டார் அப்பா.

“காலையில வரும் சார். இங்க படிக்கிற பையனே சொன்னான். தைரியமா சேருங்க!”

“பாத்தியா? விசாரிக்கிறதுன்னா இப்படி விசாரிக்கணும்!” என்று அப்பா பேனாவைத் திறந்து, ‘விடுதி தேவை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.