பின் இருக்கை

"விழாவுக்கு நேரமாச்சு! இன்னும் டயரையே அமுக்கிப் பாத்துட்டிருக்கியேண்ணா!" அந்துவானெத் ஸ்கூட்டரை முறுக்கினாள்.

"பிரேக்கைப் புடிச்சுக் காட்டு. ஹெல்மெட் வார் மாட்டினியா?"

"மாட்டிட்டேன், ஏறு!"

புதுச்சேரியின் லாஸ்பேட்டையைத் தாண்டுவதற்குள் ராங் சைடில் ஓர் ஆட்டோ எதிரே வந்தது. அலெக்சி கண்ணை இறுக மூடித் தங்கையின் தோளைப் பற்றிக்கொண்டான்.

"மெதுவாடி!"

"மெதுவா போனா உன் பேரைக் கூப்பிட்டு முடிச்சிடுவாங்க!"

கடற்கரையை அடைந்தபோது ஒலிபெருக்கி அவன் பெயரை அழைத்துக்கொண்டிருந்தது. அவன் மேடைக்கு ஓடினான்.

"பிரெஞ்சு ராணுவத்தில் நூற்றுக்கணக்கான வெடிகுண்டுகளைத் தன் கையாலேயே செயலிழக்கச் செய்த அலெக்சிக்கு வீரப் பதக்கம்!"

வீடு திரும்பக் கிளம்பும்போதும், மார்பில் பதக்கம் ஆட, குனிந்து டயரை அமுக்கினான்.

"குண்டையே தொடுற ஆளு, ஸ்கூட்டருக்கு இப்படிப் பயப்படுறியே!"

"குண்டு அது பாட்டுக்குக் கெடக்கும்டி. ராங் சைடுல வராது."