ஓடாத வெடிகுண்டு

சினிமாக்காரர்கள் கேட்ட பொய் வெடிகுண்டை ஏற்காட்டில் இரண்டு பேர் செய்து கொண்டுவந்தார்கள். ரேடியோ கடை மஸ்தானின் பெட்டியில் எண்கள் எரியவே இல்லை. எஸ்டேட் எலக்ட்ரீசியன் ஐயாக்கண்ணுவின் பெட்டியில் சிவப்பு எண்கள் அழகாக இறங்கின. டைரக்டர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். பல்பு மாட்டுகிறவனுக்கு வந்த வாழ்வைப் பார்த்து மஸ்தானுக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குப் போய்த் தன் பெட்டியின் ஒயர்களையெல்லாம் பிடுங்கி எறிந்தான்.

பக்கத்துக் கரடியூரில் ஷூட்டிங். எல்லோரும் டீ குடிக்கப் போனபோது, மஸ்தான் ஐயாக்கண்ணுவின் பெட்டியிலிருந்த பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கேமரா ஓடியது. எண்களும் ஓடின. ஏழு வந்ததும் கதாநாயகன் ஒயரை வெட்டினான். எண் அப்படியே நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஐயாக்கண்ணு மஸ்தானின் பக்கத்தில் வந்தான். "பேட்டரிய நீங்களே வெச்சுக்கங்க பாய். அது பேட்டரில ஓடறதில்லீங்க," என்றான். குரலில் கோபமே இல்லை.

வீட்டு வாசலிலேயே மனைவி ஜரீனா காத்திருந்தாள். "ஏனுங்க, உங்க பெட்டியும் எரியுதுங்க! நொம்ப அழகா இருக்குது, வந்து பாருங்க!"

ஒயரில்லாத பெட்டியில் சிவப்பாக ஏழு எரிந்தது. மஸ்தான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். பேட்டரி அங்கேதான் இருந்தது.

ஏழு ஆறானது. ஜரீனா கைதட்டினாள்.