முட்டிக் கட்டு

"கட்டைப் பிரிங்க, சார்."

வேலைக்குச் சேர்ந்த அன்று கோச் அவளிடம் விரலை நீட்டி, கேட்கவே கூடாது என்று சொன்னது இந்த ஒன்றைத்தான். கேப்டனை என்ன வேண்டுமானாலும் கேள், வலது முட்டியில் இருக்கும் கட்டைப் பிரிக்க மட்டும் சொல்லாதே. அது அவருடைய ராசி. கட்டுக்கு மேலாகவே ஐஸ் வை, போதும்.

மூன்று மாதமாக மேலாகவே வைத்தாள். கிளிப்பிள்ளை மாதிரி, "இப்ப பரவாயில்லையா சார்?" என்றும் கேட்டாள்.

இன்று கேட்கவில்லை. ஐஸ் பையைத் தொட்டியில் போட்டாள்.

மசாஜ் மேசையில் சாய்ந்திருந்த கேப்டன் அவளை மேலும் கீழும் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பையன்கள் ஷவரில் கத்திக்கொண்டிருந்தார்கள். நாளை சீசனின் கடைசி ஆட்டம்.

"யாரு பாப்பா உன்னைக் கேக்கச் சொன்னது?"

"பாப்பான்னு கூப்பிடாதீங்க. ஃபிசியோவுக்குப் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

வீட்டிலேயே முதல் பட்டம் அவளுடையது. அம்மா இன்னும் பக்கத்து வீட்டில், "கை கால் பிடிச்சு விடுற வேலை" என்றுதான் சொல்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். படித்த கண் சும்மா இருக்குமா?

படி இறங்கும்போது நோகும் கால்தான் முதலில் கீழே போகும். நல்ல கால் மேலே நின்று உடம்பைத் தாங்கும். நேற்று பஸ்ஸிலிருந்து கேப்டன் முதலில் இறக்கியது இடது காலை. கட்டுப் போட்ட கால் மேல் படியில் தூண் மாதிரி நின்றது.

எல்லாரையும் ஏமாற்றுகிறார். எதற்கு? பயிற்சிக்கு டிமிக்கி கொடுக்கவா? பதினெட்டு வருஷம் ஒரே ஃபுட்பால் கிளப், முதுகில் ஒரே எண். இன்னும் கொஞ்ச நாள் ஓட்ட ஒரு நொண்டிச் சாக்கா?

"பிரிக்கலைன்னா, நீங்க நாளைக்கு ஆடலாம்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

கேப்டன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, சுற்றுச் சுற்றாகப் பிரித்தார்.

உதை வாங்கிய பழைய தழும்புகள். அதைத் தவிர ஒன்றுமில்லை. மடக்கினாள், நீட்டினாள், திருகிப் பார்த்தாள். இரும்பு.

"அப்ப இத்தனை நாளா நடிப்பா?"

"நடிப்புதான்."

இடது கால் டிராக் பேண்ட்டை முட்டிக்கு மேலே இழுத்துவிட்டார். அந்த முட்டி வீங்கிப் பளபளத்தது. கை வைத்த இடம் கொதித்தது. மடக்கியபோது உள்ளே மணல் அரைபட்டது.

"எதிராளி கட்டைப் பாத்துத்தான் உதைப்பான். பழைய மசாஜ்காரர் சொல்லிக் கொடுத்த வேலை. அடிபட்டது இடது, கட்டு வலதுக்கு. இத்தனை வருஷமா அத்தனை பேரும் என் நல்ல காலையே உதைச்சுட்டுப் போனானுங்க."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அவர் சிரிக்கவில்லை.

"போன ஆட்டத்துல ஒருத்தன் கட்டைத் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா வந்து இடது முட்டியில ஏறி மிதிச்சான். மசாஜ்காரர் செத்துட்டாரு. என் பொண்டாட்டிக்கே இது தெரியாது. புதுசா உள்ள வந்தவ நீ ஒருத்திதான்."

ஓஹோ. அந்த ஆட்டத்திலிருந்து அவர் தன்னைப் பிக்பாக்கெட்டைப் பார்ப்பது போலப் பார்த்தது இதற்குத்தானா?

"சார், இன்னிக்கு வரைக்கும் நான் ஐஸ் வச்சது வலது முட்டியில. விஷயம் தெரிஞ்சவ அப்படியா வைப்பா?"

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. பேண்ட்டை இறக்கி இடது முட்டியை மறைத்தார். வலதில் மறுபடி கட்டைச் சுற்ற ஆரம்பித்தார்.

பையன்களில் எவன் போட்டுக் கொடுத்தான்? அவள் மனசு ஒவ்வொரு முகமாகப் புரட்டியது. கேப்டனை வெளியே உட்கார வைத்தால் கேலரியில் இருக்கும் ரசிகர் கூட்டம் கோச்சைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடும், அவராக விழுந்தால்தான் அடுத்தவனுக்கு வழி என்பது பையன்களுக்குள் ஓடும் ஜோக். வெளி பெஞ்சிலேயே வருஷத்தைக் கழிக்கும் அந்தச் சுருட்டை முடிக்காரனா? எப்போதும் அண்ணே அண்ணே என்று காலைச் சுற்றும் கோல்கீப்பரா?

கதவு திறந்தது. கோச்.

"ரெடியாப்பா? ஹால்ல பத்திரிகைக்காரங்க வந்தாச்சு." பிறகு அவள் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் அக்கறை. "என்னம்மா, நாளைக்கு முழு ஆட்டமும் தாங்குமா அந்த இடது முட்டி?"

கேப்டனின் கை கடைசிச் சுற்றில் நின்றது.

அவள் கோச் பக்கம் திரும்பினாள்.

"எந்த முட்டி, சார்?"

"அதான்... வலது. வலதுதான்." கோச் சிரித்தார். "காலையிலேர்ந்து ஒரே அலைச்சல், வாய் குழறுது."

வேலைக்குச் சேர்ந்த அன்று நீண்ட விரலும் இதே ஆளுடையதுதான்.

கேப்டன் கோச்சை ஒரு பார்வை பார்த்தார். கட்டியதை நிதானமாகப் பிரித்தார். உருட்டினார். அவளிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட? கேட்டதுக்குப் பதில் சொல்லலையே."

"எந்த முட்டின்னும் சேத்து ஹால்ல சொல்றேன் சார். எல்லாரும் கேக்கட்டும்."

"நாளையிலேர்ந்து இங்க உனக்கு வேலை இருக்கணுமா, வேணாமா?"

அவள் கதவைத் தாண்டிவிட்டாள். கையில் கட்டு இன்னும் சூடாக இருந்தது.